மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது?

கோல்ஃப் என்றதும் நமக்கெல்லாம் என்ன நினைவுக்கு வருகிறது? பச்சைப் பசேலென்று புல்வெளி, தொப்பி போட்ட பெரிய மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு மட்டைகள் உள்ள கனமான பையைச் சுமந்துகொண்டு நடக்கும் ஓர் ஆள். சகோதரிகளே, அந்தப் பையைச் சுமந்த ஆள்தான் என் தம்பி!

பதினெட்டு வயதில் சென்னையில் ஒரு மைதானத்தில் 'கேடி' வேலைக்குச் சேர்ந்தவன் அவன். மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, பிறகு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டான். விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போன என் மகள் கையில், காம்பை வெட்டிக் குட்டையாக்கிய ஒரு பழைய மட்டையைக் கொடுத்தான். அப்போது அவள் எட்டாம் வகுப்பு. அன்று பிடித்தவள் இன்றுவரை விடவில்லை. சனிக்கிழமையானால் செங்கல்பட்டிலிருந்து முதல் மின்சார ரயிலைப் பிடித்து மாமாவிடம் போய்விடுவாள்.

சென்ற வருஷம் தம்பிக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. போகும்போது என்னிடம், "அக்கா, பாப்பா வீச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா அடிக்கிறவங்களுக்குத் தன் கை என்ன பண்ணுதுன்னு தெரியாது. இனிமே நீதான் அவளுக்குக் கண்ணு," என்றான். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. மட்டும். துடைப்பத்தைத் தவிர வேறு எதையும் வீசிப் பழக்கமில்லை. "ஏண்டா, என்னைப் போய்..." என்றேன். "துணி அடிச்சுத் துவைப்பியில்ல? பாதி உனக்குத் தெரியும்," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போன இரண்டாம் மாதம், அரையாண்டு விடுமுறையில் வந்தது வினை. மகள் அடிக்கும் பந்தெல்லாம் நேரே போவது போலப் போய், வலது பக்கமாக வளைந்து விழ ஆரம்பித்தது. அவளுக்கு ஆத்திரம். இன்னும் பலமாக அடித்தாள். அது இன்னும் வலது பக்கம் போயிற்று. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது என்று அடித்து, இடது மணிக்கட்டு வீங்கிப் போய் நின்றாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பில் ஒன்றுமில்லை. தசைநாரில் அதிகச் சுமை. மூன்று வாரம் மட்டையைத் தொடக் கூடாது," என்றார்.

வீட்டில் கேட்க வேண்டுமா! "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்தக் கம்பு வீசற வேலை? கை கோணிக்கிட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் என் மாமியார். அவர் சொன்னது கோபத்தில் அல்ல, பயத்தில். என் கணவரும், "ஏம்மா, இதோட விட்டுடலாமே. அடுத்த வருஷம் பிளஸ் டூ வேற," என்றார். மகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மட்டையை ஈரத் துணியால் துடைத்து, பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அன்று ராத்திரி நான் அவரிடம் கேட்டேன். "மூணு மாசம் டைம் குடுங்க. அதுக்குள்ள மறுபடியும் கை வலின்னு சொன்னாள்னா நானே மட்டையைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன்." அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் கோல்ஃப் இல்லாமல் இருக்கலாம். பந்து வீசும் மகனோ, பாட்மிண்டன் ஆடும் மகளோ இருந்தால் இதில் பாதி அவர்களுக்கும் பொருந்தும்.

முகமும் பாதையும்

கோல்ஃப் பந்து ஓர் எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். எடை 46 கிராமைத் தாண்டக் கூடாது, குறுக்களவு 42.67 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. மட்டையின் அடியில் தட்டையாக ஒரு பாகம் இருக்கிறதே, பந்தைத் தொடும் பாகம், அதைத்தான் 'முகம்' என்கிறார்கள். முகமும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு நொடியை இரண்டாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! கண் சிமிட்டும் நேரத்தைவிட எத்தனையோ மடங்கு குறைவு. அந்தத் துளி நேரத்தில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் பந்து புறப்படுகிறது.

முன்பெல்லாம் மட்டை வரும் பாதையில்தான் பந்து புறப்படும் என்று பலரும் சொல்லிக் கொடுத்தார்களாம். ராடார் கருவிகளை வைத்து அளந்து பார்த்த பிறகுதான், புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம் என்பது உறுதியாயிற்று. அப்படியானால் வளைவு எதனால் வருகிறது? முகம் ஒரு பக்கம் பார்க்க, மட்டை வேறு பக்கம் போனால், பந்து பக்கவாட்டில் சாய்ந்து சுழல்கிறது. வலது கைக்காரருக்கு, மட்டை போகும் பாதையைவிட முகம் வலது பக்கமாகத் திறந்திருந்தால் பந்து வலது பக்கம் வளையும். அதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர். முகம் இடது பக்கமாக மூடியிருந்தால் இடது பக்கம் வளையும், அது 'ஹுக்'.

இதில் சிறிய பிசகு எவ்வளவு பெரிதாகிறது பாருங்கள். பந்து நூறு மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். புறப்படும்போது ஒரே ஒரு டிகிரி விலகினால், விழும் இடத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் விலகிவிடும். ஐந்து டிகிரி என்றால் எட்டரை மீட்டருக்கும் மேல். வளைவு வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஐந்து டிகிரி என்பது என்ன? கடிகாரத்தில் ஒரு நிமிஷக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே ஆறு டிகிரி. அதைவிடக் குறைவு!

சரி, பலமாக அடித்தால் ஏன் இன்னும் மோசமாயிற்று? ஆத்திரத்தில் அடிக்கும்போது மட்டையைக் கெட்டியாகப் பிடிக்கிறோம். கெட்டியாகப் பிடித்தால் முன்னங்கை இறுகிப் போகிறது. இறங்கி வரும்போது இயல்பாகத் திரும்பி நேராக வேண்டிய முகம், திரும்ப முடியாமல் திறந்தபடியே வந்து சேருகிறது. கூடவே தோள்பட்டை முந்திக்கொண்டு, மட்டையை வெளியிலிருந்து உள்ளே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து வளைவை அதிகமாக்குகின்றன. அதிர்ச்சியெல்லாம் மணிக்கட்டுக்குப் போகிறது.

சிற்பி சொன்ன பாடம்

என் அம்மா வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். மாமல்லபுரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சாலை ஓரக் கொட்டகைகளிலிருந்து 'டிக் டிக்' என்று உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரு வயதான சிற்பி. மகள் கையில் கட்டோடு நிற்பதைப் பார்த்து விசாரித்தார். சொன்னோம்.

சுத்தியலை எடுத்துக் காட்டினார். இரண்டு விரலும் உள்ளங்கையும்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. "இறுக்கிப் புடிச்சா அடி கல்லுக்குப் போவாதும்மா, தோளுக்குத்தான் வரும். சாயங்காலம் கையைத் தூக்க முடியாது. சுத்தி தன் கனத்துல தானா விழணும். உளி வாய் எங்க பாக்குதோ அங்கதான் சில்லு பறக்கும். நான் பலத்தைப் பாக்க மாட்டேன், வாயத்தான் பாப்பேன்," என்றார். கோல்ஃப் மட்டையை அவர் அதுவரை தொட்டதுகூட இல்லை. போனில் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அக்கா, நான் மூணு வருஷமா சொல்றதை அவர் மூணு வரியில சொல்லிட்டாரு," என்றான்.

திரும்பி வரும்போது, கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்த்து, "அம்மா, இந்தப் பந்தை அடிச்சுட்டு யாரோ பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க," என்றாள் மகள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

முதலில் பிடி

மூன்று வாரம் முடிந்து டாக்டர் சம்மதம் கொடுத்த பிறகும், முதல் வாரம் பந்தே கிடையாது. பிடி மட்டும்தான். இடது கையில் மட்டையின் காம்பை உள்ளங்கைக் குழியில் வைக்காமல், விரல்களின் அடியில் குறுக்காக வைக்க வேண்டும். மூடிய பிறகு மேலிருந்து பார்த்தால் இடது கையின் இரண்டு விரல் கணுக்கள், சிலருக்கு இரண்டரை, தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் முகம் திறந்து வரும் வாய்ப்பு அதிகம். நான்கும் தெரிந்தால் மூடிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். என் மகளுக்கு ஒன்றுதான் தெரிந்தது! வலது பக்கம் வளைந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேயே அகப்பட்டுவிட்டது.

எவ்வளவு அழுத்திப் பிடிப்பது? திருவிழாக் கூட்டத்தில் சின்னக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போவோமே, அந்த அளவு. நழுவவும் கூடாது, குழந்தைக்கு வலிக்கவும் கூடாது. தாய்மார்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிறகு அரை வீச்சு

ஆளைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். தலை பன்னிரண்டு, கால் ஆறு. கைகளை ஒன்பது மணி வரை பின்னால் கொண்டுபோய், மூன்று மணி வரை முன்னால் கொண்டுவருவது அரை வீச்சு. முழு வீச்சுக்குப் போகும் முன் ஒரு மாதம் இதைத்தான் செய்தோம். பின்னால் போகும் மட்டை தரைக்குச் சமமாகக் கிடக்கும் இடத்தில் நிறுத்தி, மட்டையின் மூக்கு, அதாவது நுனி, எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வானத்தைப் பார்த்தோ, அதிலிருந்து லேசாக முன்பக்கம் சாய்ந்தோ இருந்தால் முகம் சரி. முகம் முழுவதும் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தால் அது திறந்த முகம். முகம் கவிழ்ந்து தரையைப் பார்த்தால் மூடிய முகம். அடுப்படி ஜன்னலிலிருந்தே எனக்கு இது தெரியும் அளவுக்குக் கண் பழகிவிட்டது.

வீச்சின் தாளத்துக்கு ஊஞ்சலைச் சொல்வேன். ஊஞ்சல் பின்னால் போய், உச்சியில் ஒரு கணம் தயங்கி, பிறகு தானாக இறங்கும். யாரும் உச்சியிலிருந்து வெடுக்கென்று இழுப்பதில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் போகும் நேரம் மூன்று பங்கு என்றால் இறங்கும் நேரம் ஒரு பங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... அடி" என்று நான் வாய்விட்டு எண்ணுவேன்.

எது முதலில் திரும்ப வேண்டும் என்பதற்குத்தான் தம்பி சொன்ன துணி துவைக்கும் உதாரணம். கல்லில் போர்வையை ஓங்கி அடிக்கும்போது நாம் கையிலிருந்தா ஆரம்பிக்கிறோம்? கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, அப்புறம் தோள், கடைசியில்தான் கை. கையை மட்டும் வைத்து நாலு போர்வை அடித்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. கோல்ஃபிலும் அதே வரிசைதான்.

வீட்டிலேயே பயிற்சிக் கூடம்

மைதானத்துக்கு நினைத்தபோது போக நம்மால் முடியுமா? அம்மா வீட்டுப் பின்கட்டில், உபயோகத்திலிருந்து கழித்துப் போட்ட மீன் வலையை இரண்டு தென்னை மரத்துக்கு நடுவே இரட்டையாகத் தொங்கவிட்டோம். வலைக் கண் பந்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். விறைப்பாகக் கட்டினால் பந்து திரும்பி வந்து முகத்தில் அடிக்கும், தொளதொளவென்று தொங்கட்டும். அதற்குப் பின்னால் ஒரு பழைய ஜமுக்காளம். வலைக்குப் பின்னால் ஆளோ ஆடு மாடோ நிற்கக் கூடாது. அடிப்பவருக்கு முன்னால் யாரும் போகவே கூடாது. நான் பக்கவாட்டில் நாலைந்து கஜம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன். நிற்பதற்கும் பந்து வைப்பதற்கும் தென்னை நார் மிதியடி. கட்டாந்தரையில் அடித்தால் மறுபடியும் மணிக்கட்டுதான்.

மட்டையில் பந்து எங்கே படுகிறது என்று பார்க்க ஒரு சுலப வழி. மட்டையின் முகத்தில் முகப் பவுடரை மெல்லியதாகப் பூசுங்கள். (முகத்துக்குத்தானே பவுடர்!) அடித்ததும் வட்டமாகத் தடம் விழும். நடுவில் விழுந்தால் நல்லது. நுனிப் பக்கமோ, காம்புப் பக்கமோ விழுந்தால் நிற்கும் தூரத்தைச் சரி செய்ய வேண்டும்.

குறி பார்த்து நிற்க இரண்டு மூங்கில் குச்சி போதும். ஒன்று பந்து போக வேண்டிய திசையில், இன்னொன்று அதற்குச் சமமாகப் பாதங்களுக்கு முன்னால். இது தவிர என் செல்போனைத் தண்ணீர்க் கேனில் சாய்த்து வைத்து மெதுவோட்டப் படம் எடுப்பேன். ராத்திரி தம்பிக்கு அனுப்பினால் மறுநாள் பதில் வரும். பந்து வளைகிறதா என்று பார்க்க, பொங்கலுக்குப் பிறகு அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில், ஓட்டை போட்ட லேசான பிளாஸ்டிக் பந்துகளை அடிப்பாள். அவை அதிக தூரம் போகாது. ஆனால் வளைவை அப்படியே காட்டிக் கொடுத்துவிடும்.

மணலில் இருந்து அடிக்கும் பழக்கத்துக்குக் கடற்கரை இருக்கிறதே என்று நினைப்பீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை எங்கள் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். மணலுக்கடியில் முட்டைகள் இருக்கும். அதனால் பின்கட்டிலேயே இரண்டு கூடை மணலைக் கொட்டி ஒரு குழி செய்துகொண்டோம்.

பந்தைக் குழிக்குள் உருட்டும் 'புட்டர்' பழக்கம் ஹாலிலேயே நடந்தது. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லி மீட்டர். மகள் டம்ளரைப் படுக்க வைத்து அதற்குள் உருட்டினாள். டம்ளர் குழியைவிடச் சின்னது. அதில் விழுந்தால் குழியில் நிச்சயம் விழும். ஓங்கி அடிப்பதும் ஓர் அடிதான், ஒரு சாண் உருட்டுவதும் ஓர் அடிதான் என்பது இந்த விளையாட்டின் நியாயம். பலம் குறைந்தவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

பெண்கள் ஆடும் ஆட்டமா?

மாமியாரின் கேள்விக்கு ஒரு நாள் மகளே பதில் சொன்னாள். 1900-ல் பாரிஸில் நடந்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கான கோல்ஃப் போட்டியில் முதலாவதாக வந்தவர் மார்கரெட் அபாட் என்ற அமெரிக்கப் பெண். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? நம் கல்கத்தாவில்! அதே போட்டியில் அவருடைய தாயார் மேரி அபாட்டும் ஆடினார். தாயும் மகளும் ஒரே ஒலிம்பிக் போட்டியில்! தான் ஜெயித்தது ஒலிம்பிக் என்பதே தெரியாமல் 1955-ல் மார்கரெட் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் திரும்பி வந்தது 2016-ல், ரியோவில். நூற்றுப் பதினாறு வருஷம் கழித்து!

அந்த ரியோவில் பதினெட்டு வயதில் ஆடியவர் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக். அப்போது பையைச் சுமந்தவர் அவருடைய அப்பா. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பையைச் சுமந்தவர் அவர் அம்மா மகேஸ்வரி. நாலு நாள் ஆட்டத்தில் வெள்ளி, வெண்கலம் பெற்றவர்களைவிட ஒரே ஓர் அடி அதிகமாகி, நான்காவது இடம். அதிதி தூரமாக அடிப்பதில் பேர் போனவர் அல்ல. குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவரை மிஞ்சுவது கஷ்டம். காது கேளாத தீக்ஷா டாகர் 2022-ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "அந்தம்மா பையைத் தூக்கிக்கிட்டு அவ்ளோ தூரம் நடந்தாளா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் மகளுக்குக் கேழ்வரகுக் கஞ்சி தயாராக இருந்தது. வைத்தது நான் இல்லை.

உடம்பையும் பாருங்கள்

வளரும் பெண்ணுக்கு ஒரே பக்கமாக உடம்பைத் திருப்பித் திருப்பி அடிப்பதால் இடுப்பு, முழங்கை, மணிக்கட்டு இவற்றில் வலி வரலாம். நாங்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகள் இவை: ஆரம்பிக்கும் முன் பத்து நிமிஷம் வேக நடை, தோளையும் இடுப்பையும் சுழற்றும் பயிற்சி. ஒரு நாளைக்கு நாற்பது பந்துக்கு மேல் வேண்டாம். பந்தில்லாமல் எதிர்ப் பக்கமாகவும் பத்து வீச்சு. வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு. வலி என்றால் அன்றைக்கு அத்தோடு சரி. மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது கூடாது.

வெயிலில் ஆடும் ஆட்டம் இது. பதினெட்டுக் குழியும் ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடையே எட்டுப் பத்து கிலோ மீட்டர் வந்துவிடும். தொப்பி, தண்ணீர், உப்புப் போட்ட நீர் மோர் அவசியம். வயதுக்கு வந்த பெண்களுக்கு ரத்த சோகை சாதாரணமாகக் காணப்படுவதால், சீக்கிரம் களைத்துப் போனால் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். மாதவிலக்கு நாட்களில் ஆடுவதா வேண்டாமா என்பதை அவள் சௌகரியத்துக்கு விட்டுவிடுங்கள். இடி இடித்தால் ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். வெட்டவெளியில் இரும்பு மட்டையோடு நிற்கவோ, தனி மரத்தடியில் ஒதுங்கவோ கூடாது.

மூன்று மாதம் முடிந்தபோது

மே மாதம் சிறுவர் சிறுமியருக்கான ஒரு சின்னப் போட்டி. தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. பையை யார் சுமப்பது என்ற பேச்சு வந்தபோது, நான் சொல்வதற்குள் என் கணவர், "நான் வரேன்," என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டே, "உனக்கு முழங்கால் வலி. பத்து கிலோ மீட்டர் நடப்பியா?" என்றார்.

கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நான் நடந்தேன். இந்த ஆட்டத்தில் பையைச் சுமப்பவர் யோசனை சொல்லலாம். வேடிக்கை பார்க்க வந்த அம்மா சொல்லக் கூடாது. ஏழாவது குழியில் பந்து பழையபடி வலது பக்கம் வளைந்து மரங்களுக்குள் போயிற்று. மகள் மட்டையை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறாள் என்று இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் அவளிடம் போய் ஏதோ சொன்னார். அவள் விரல்களை விரித்து மடக்கி உதறிக்கொண்டாள். அடுத்த பந்து நேராகப் போயிற்று.

"என்னங்க சொன்னீங்க?" என்று ரயிலில் கேட்டேன்.

"திருவிழாக் கூட்டத்துல குழந்தை கைன்னேன். நீ தினமும் பின்கட்டுல கத்துறது எனக்கு மட்டும் கேக்காதா?" என்றார்.

அன்று அவள் ஆடி முடித்தது 101 அடி. ஜெயித்த பெண் எண்பதுக்குள் முடித்துவிட்டாள். என் மகளுக்கு எந்தக் கோப்பையும் கிடைக்கவில்லை. ஆனால் இதற்கு முன் பதினெட்டுக் குழி ஆடியபோது 118. மணிக்கட்டில் வலி இல்லை. மட்டை பரணுக்குப் போகவில்லை.

இப்போது பிளஸ் டூ. மார்ச் வரை சனி, ஞாயிறு காலையில் மட்டும் ஆட்டம், மற்ற நாள் படிப்பு என்று மூவருமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறோம். அவள் பெரிய ஆட்டக்காரி ஆவாளா என்று என்னைக் கேட்பவர்களிடம், கணக்கில் எவ்வளவு வாங்குகிறாள் என்று முதலில் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். போட்டிகளுக்குப் போய் வரும் செலவைச் சமாளிக்க என் சீட்டுப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் பெண் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், 'வேண்டாம்' என்றோ 'சரி' என்றோ சொல்லும் முன், அந்த விளையாட்டில் பத்து வார்த்தைகளையாவது அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வாரம் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கே வலிக்கிறது, எங்கே கோபம் வருகிறது, எங்கே சிரிக்கிறாள் என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். பிறகு முடிவு செய்வது சுலபம்.